வழுக்கியாற்றுத் துவாரம்

எங்கள் குடும்பத்தில் மண்வெட்டியோடு வாய்க்கால் வேலைக்குப் போனவர்கள் பலர். படித்துவிட்டு வரைபடத்தோடு போனவன் நான் ஒருவன்தான். வழுக்கியாறு துப்புரவாக்கும் வேலையில் என்னை மேற்பார்வைக்கு விட்டபோது, வரைபடத்திலுள்ள ஆழம் விரற்கடை அளவும் பிசகக்கூடாது என்று நின்றேன்.

ஆறு என்று பெயர்தான். மாரியில் மட்டும் ஓடும். மற்றக் காலத்தில் மாடு மேயும் பள்ளம். ஐப்பசி மழை பிடிக்குமுன் தூர்ந்த மண்ணை அள்ளி முடிக்கவேண்டும். தெல்லிப்பழைப் பக்கம் முதல் மழை பெய்துவிட்டதால், வருகிற தண்ணீரை மண் அணையால் மறித்து, அதற்குக் கீழே காய்ந்து கிடந்த படுக்கையில் வேலை செய்தோம். மானிப்பாய்க்கு மேற்கே, வயலும் பனையுமான இடம்.

அன்று முற்பகல் மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தின் வாளியில் உக்கிய பனங்குற்றிகள் வந்தன. நெருக்கமாக அடுக்கி, மேலே களிமண் பூசப்பட்டிருந்தது. பழைய பாலமோ என்னவோ என்று எல்லாவற்றையும் கரையில் போடச் சொன்னேன். கடைசிக் குற்றி எழும்பியதும் அடியில் சுண்ணக்கல்லில் ஒரு துவாரம் தெரிந்தது. ஓர் ஆள் தலையை நுழைக்கலாம். வெயிலில் நின்ற எங்கள் கணுக்காலில் குளிர்காற்றுப் பட்டது.

பெக்கோ ஓட்டுகிற அண்ணை இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ரை மாமியின்ரை வாய் மாதிரியே கிடக்கு. எவ்வளவு போட்டாலும் நிரம்பாது.”

“மெல்லச் சொல்லுங்கோ அண்ணை. காதிலை விழுந்திடப் போகுது.”

“அவ ஊர்காவற்றுறையிலை, நான் இஞ்சை. என்ன பயம்?”

ஒரு கல்லை உள்ளே போட்டார். விழுந்த சத்தம் வரவேயில்லை. அவருடைய சிரிப்பும் பாதியில் நின்றது.

கொஞ்ச நேரத்தில் வயல் வரம்பால் ஒரு பெண் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். உடுத்திருந்த சோட்டி முழுக்கச் சேறு.

“தம்பியவை, உங்கடை கதையைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. என்ரை மனிசன் கிணத்துக்குள்ளை நிண்டு வேலை செய்யேலாமல் கிடக்கு. ஆரின்ரையோ மாமியின்ரை வாயாம், நிரம்பாதாம். பெக்கோச் சத்தமும் கேட்குதாம். அதுதான் நீங்களாயிருக்குமெண்டு வந்தனான்.”

அவருடைய வீடு வயலுக்கு அப்பால், கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருந்தது. மழைக்குமுன் கிணற்றைத் துப்புரவாக்குகிறார்கள். தண்ணீரை மெசினால் இறைத்துவிட்டு, கணவர் அடியில் நின்று சேற்றை வெட்டிக் கொடுக்க, இவர் கப்பியால் வாளியை இழுத்திருக்கிறார். தண்ணீர் வற்றிய பிறகுதான் சுவரில் பேச்சுக் கேட்கத் தொடங்கியதாம்.

“இப்ப ஆர் கிணத்தடியிலை?” என்று கேட்டேன்.

“ஒருத்தரும் இல்லை. கயிற்றைத் தூணிலை கட்டிப்போட்டு வந்தனான்.”

“தம்பி, அணை!” என்று அண்ணை கத்தினார்.

அணையின் அடியில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே ஒரு பாளம் மண் சரிந்தது. அண்ணை ஓடிப்போய்ப் பெக்கோவில் ஏறி, மண்ணை அள்ளி அணையோடு அணைக்கத் தொடங்கினார். அணை உடைந்தால் தண்ணீர் இந்தத் துவாரத்தால் அந்தக் கிணற்றுக்குத்தான் போகும். நான் துவாரத்தடியில் குப்புறப் படுத்து, கிணற்றில் நின்றவரைக் கூப்பிட்டேன்.

“அண்ணை! மேலை ஏறுங்கோ! தண்ணி வருகுது!”

மண்வெட்டி கல்லில் உரசுகிற சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது.

“அவர் வாய் திறக்கமாட்டார்” என்றார் அந்த அக்கா. “முகம் தெரியாத குரல் கூப்பிட்டால் மறுமொழியும் சொல்லக்கூடாது, அது சொல்லுறதைக் கேட்கவும் கூடாதெண்டு இருக்கிறவர். வாசல் படலையிலை ஆள் கூப்பிட்டாலே எட்டிப் பார்த்துப்போட்டுத்தான் ஓமெண்டுவார்.”

என் வீட்டிலும் அப்படித்தான். அக்கா என்னைத் தள்ளிவிட்டுச் சேற்றில் படுத்தார்.

“இஞ்சாருங்கோ, நான்தான். ஏறி வாங்கோ.”

மூச்சும் நின்றது. பிறகு பாறைக்குள்ளிருந்து மெல்ல ஒரு முணுமுணுப்பு வந்தது: “சிவசிவா, சிவசிவா.” மனைவியின் குரலில் வேறு ஏதோ கூப்பிடுகிறது என்று நினைத்துவிட்டார். எங்கள் குதிக்கால்களைத் தண்ணீர் தொட்டது.

“என்ன சிவசிவா?” அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. “காலமை புட்டு அவியேல்லையெண்டு முகத்தைத் தூக்கி வைச்சிருந்த மனிசன், இப்ப பேய்க்கோ பயம்? நேற்று உங்கடை தங்கச்சிக்கு ஒளிச்சு முருங்கைக்காய் குடுத்து விட்டது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியளோ?”

சிவசிவா நின்றது.

“மூண்டு காய்தானேயப்பா” என்றது பாறை.

“ஏறுங்கோ எண்டுறன்! வெள்ளம் வருகுது!”

கப்பி கிறீச்சிட்டது. ஒருதரம், இன்னொருதரம். அதற்குமேல் கேட்க முடியவில்லை. அணை உடைந்தது. அக்காவை இழுத்துக்கொண்டு கரையில் ஏறினேன்.

வந்த தண்ணீர் வாய்க்காலில் ஓடவில்லை. எல்லாம் அந்த ஓர் இடத்தில் சுழன்று, விழுங்கும் சத்தத்தோடு இறங்கியது. அண்ணை பெக்கோவில் இருந்தபடியே தலையில் கை வைத்தார்.

அக்காவை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனேன்.

கிணற்றடியில் அவருடைய கணவர் மல்லாந்து கிடந்தார். இடுப்புவரை சேறு. வயிறு ஏறி இறங்கியது. அக்கா பக்கத்தில் குந்தி, சோட்டியின் ஓரத்தால் அவர் முகத்தைத் துடைத்தார். திட்டவில்லை.

“எந்தப் பக்கத்தாலை தம்பி கூப்பிட்டனீர்?” என்று கேட்டார் அவர்.

நான் மேற்கே, வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினேன். அவர் தலையாட்டி மறுத்தார்.

“எனக்குக் கேட்டது கிழக்குச் சுவராலை.”

கிணற்றுக்குள் பார்த்தேன். கபில நிறத் தண்ணீர் கிழக்குச் சுவரால்தான் பீறிட்டுக்கொண்டிருந்தது. கிழக்கே அவர்களுடைய வீடு. அதற்கும் அப்பால், நாங்கள் இப்போது சுற்றி வந்த ஒழுங்கை. தண்ணீர் எங்கெல்லாமோ சுற்றி, இவற்றுக்கெல்லாம் கீழால் வந்திருக்கிறது; அடியெல்லாம் பொந்து.

மூன்று பேரும் வீட்டைப் பார்த்தோம். ஒருவரும் உள்ளே போகவில்லை. அக்கா குசினி வாசலில் நின்றபடியே கையை நீட்டிச் செம்பை எடுத்து வந்து, அவருக்குக் குடிக்கக் கொடுத்தார்.

நான் மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணவில்லை. ஒழுங்கை முடியுமட்டும் உருட்டிக்கொண்டு, கால் அழுந்தாமல் நடந்தேன்.