விரல்கள் நீளவில்லை

சலவைக்கூடத்தில் அவளுக்கு 'மின்னல்' என்று பெயர். மற்றவர்கள் ஒரு விரிப்பை மடிப்பதற்குள் இரண்டை மடித்துப் போட்டுவிட்டு, "என்னடி, தூக்கமா?" என்று வம்புக்கு இழுப்பாள். அந்த வேகமே வினையாகிவிட்டது. இயந்திரத்துக்குள் சுருங்கியபடி போன விரிப்பை நீவிவிடக் கையை நீட்டினாள். தேய்க்கும் சூட்டு உருளை கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. பக்கத்தில் நின்றவள் ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்துவதற்குள் வலது உள்ளங்கை வெந்துபோனது.

மருத்துவமனையில் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டினார்கள். கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண், விரல்களை நீட்டி வைக்கும் பட்டை ஒன்றைக் கொடுத்தாள்.

"புண்ணு ஆறும்போது சுத்தி இருக்கிற தோலைத் தன் பக்கம் இழுத்துத்தான் மூடும்கா. சும்மா விட்டா விரலும் மடங்கிடும். வலிச்சாலும் நீட்டணும். படுக்கும்போது இதைக் கட்டாம படுக்கக் கூடாது."

முதல் நாள் பட்டையைக் கட்டியதுமே அவள் துடித்துப்போனாள். புருஷன் பஸ் ஓட்டுபவன், வாய் திறந்து நாலு வார்த்தை பேசாத ஆள். அவனுக்கே பொறுக்கவில்லை.

"அழாத, அழாத. கழட்டிடறேன். நாளைக்குக் கட்டிக்கலாம்."

அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. அவனே சோறு ஊட்டினான். கோணல் வகிடெடுத்துத் தலை வாரிவிட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் இப்படித் தாங்கியதே இல்லை. இது இன்னும் கொஞ்ச நாள் நீடிக்கட்டும் என்று அவளுக்கு உள்ளூர ஓர் ஆசை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

புண் ஆறியது. வழவழவென்று இளஞ்சிவப்பாகத் தோல் மூடிக்கொண்டதைப் பார்த்து அவன் பூரித்துப்போனான். ஆனால் விரல்கள் நிமிரவில்லை. எதையோ இறுகப் பிடித்திருப்பதுபோல் மடங்கியே கிடந்தன.

"பட்டை கட்டினீங்களா இல்லையா?" என்று கேட்டாள் பயிற்சி கொடுக்கும் பெண்.

அவன் முந்திக்கொண்டான். "நான்தாம்மா கழட்டிவிட்டேன். அவ அழுதா எனக்குத் தாங்கல."

"நானும்தான் கழட்டச் சொன்னேன்" என்றாள் அவள். அது பாதி உண்மை.

தழும்பைக் கீறி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். இப்போது ஒரே உடம்பில் இரண்டு இடத்தில் ரணம். இந்தத் தடவை டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவனே பட்டையைக் கட்டினான். அவள் கதறினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி இறுக்கினான். கட்டி முடித்ததும் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வான்.

இரண்டு விரல்கள் மீண்டன. மற்ற இரண்டும் மடங்கியபடியே நின்றுவிட்டன. சலவைக்கூடத்தில் அவளைத் துண்டுகளுக்குச் சீட்டு ஒட்டும் மேஜைக்கு மாற்றினார்கள்.

அவன் இப்போதெல்லாம் வலிக்கிறதா என்று கேட்பதில்லை. கேட்டால் வலிக்கவில்லை என்றுதான் அவளும் சொல்வாள். ஆனாலும் கேட்கமாட்டானா என்று அவளுக்கு இருக்கிறது.