அண்ணன் கத்தி இருக்க வேண்டிய இடத்தில்

நம்முடைய கோயில் திருவிழா மலரைப் படிக்கும் பெரியவர்களுக்கும் சகோதர சகோதரிகளுக்கும் வணக்கம். முதலில் என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் கவ்வாத்துக் கத்திதான். பேனாவையும் அதே மாதிரி இறுக்கிப் பிடிக்கிறது. தாள் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது.

கோயிலில் எழுந்து நின்று சொல்லத்தான் கூப்பிட்டார்கள். நாலு பேர் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். "பேசுற மாதிரியே எழுதிக் குடுங்கண்ணே, பிழைய நான் பாத்துக்கிறேன்" என்று கோயில் கமிட்டித் தம்பி சொன்னார். அதனால் எழுதுகிறேன். சாமி நான் கேட்டதைக் கொடுத்தது. ஒரு முறை அல்ல, இரண்டு முறை. முதல் முறை கொடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் பெயர் கணேசன். கவ்வாத்து வேலைக்காரன். சில வருஷத்துக்கு ஒரு முறை தேயிலைச் செடிகளை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுவோம்; அதுதான் கவ்வாத்து. எங்களை வேலை வாங்கும் கங்காணி பெருமாள் அண்ணன். அவர் எனக்கு உறவு இல்லை. ஆனால் எனக்குக் கத்தி தீட்டக் கற்றுக்கொடுத்தவர், என் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டவர். அடுத்த லயத்து வீட்டு வரிசையில்தான் வீடு.

போன வருஷம் சித்திரைப் புது வருஷம் முடிந்து வேலை தொடங்கியிருந்தது. என் மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். கொட்டகலையில் டியூஷன் வகுப்புக்குப் போக வேண்டும். வகுப்புக் காசு, பஸ் காசு எதற்கும் என் சம்பளம் எட்டவில்லை. "வேணாம்பா, நான் வீட்டுலயே படிச்சிக்கிறேன்" என்று அவள் சொன்ன விதம் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் மலையில் கவ்வாத்துச் சாமி கல்லுக்கு முன்னால் நின்று கேட்டேன். "சாமி, எப்படியாவது நாலு காசு கூட வர்ற மாதிரி ஒரு வழி காட்டு." அவ்வளவுதான் கேட்டேன். எந்த வழி என்று கேட்கவில்லை.

அந்த வாரமே குளவி கலைந்தது. சவுக்கு மரத்திலிருந்து ஒரு கூடு விழுந்து எங்கள் மேலேயே வந்தது. "படுங்கடா! கம்பளிய மூடிக்கிட்டுப் படுங்க!" என்று பெருமாள் அண்ணன் கத்தினார். எல்லாரும் படுத்தோம். ஓடவும் படுக்கவும் முடியாமல் நின்ற, எங்கள் ஆட்களில் வயசான சின்னச்சாமி மாமாவின் மேல் தன் கம்பளியைப் போட்டுவிட்டு அண்ணன் நின்ற இடத்திலேயே கொட்டு வாங்கினார். அவர் முகத்தை முகமென்று சொல்ல முடியவில்லை. லொறியில் ஏற்றினோம். முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி, பிறகு கண்டி. குளவி விஷத்தில் சிறுநீரகம் வேலை செய்யவில்லை, மிஷின் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள் என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது, கங்காணிக்கு மேலதிகாரியான கண்டாக்கையா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கணேசன், பெருமாள் வர்ற வரைக்கும் நீ அக்டிங் பாரு."

"எனக்குச் சத்தம் போட வராதுங்க ஐயா."

"காசு வந்தா சத்தமும் வரும்யா" என்று சிரித்தார்.

அக்டிங் என்றால், மேல் வேலையில் இருப்பவர் வராதபோது அவருடைய வேலையைப் பார்ப்பது. பார்க்கிற நாளுக்கெல்லாம் சம்பளத்துக்கு மேலே அக்டிங் காசு உண்டு. மகளின் வகுப்புக்கு அது போதும். வீட்டில் சொன்னதும் என் மனைவி சரோஜா சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள். "நீங்க கேட்டது கெடைச்சிருச்சு" என்றாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் கேட்ட வழி பெருமாள் அண்ணனின் உடம்பு வழியாக வந்திருந்தது.

அந்தக் கூச்சம் அப்படியே இருந்திருந்தால் நல்லது. இருக்கவில்லை. கண்டாக்கையா சொன்ன மாதிரியே காசு வந்தது, சத்தமும் வந்தது. குனிந்து வெட்டுகிறவனுக்கு முதுகு நிமிர்ந்து நிற்பதே ஒரு சுகம். கையில் ஒரு தடி. "கங்காணி" என்று கூப்பிட்டார்கள். ராசு என்று ஒரு பகிடிக்காரன் எங்கள் ஆட்களில் இருக்கிறான்.

"என்னாங்க கங்காணி, போன வாரம் எங்கிட்ட ஓசி வெத்தல வாங்குன ஆளு நீங்கதானே? மொகம் எங்கயோ பாத்த மாதிரி இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். பழைய கணேசனாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். "வெட்டுற வேலையப் பாரு" என்றேன். அவன் வாயை மூடிக்கொண்டான். எனக்குப் பெருமையாக இருந்தது.

வைகாசியில் அண்ணனுக்குக் கொஞ்சம் தேவலை, சீக்கிரம் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள் என்று செய்தி வந்தது. லயமே சந்தோஷப்பட்டது. நானும் "நல்லதுங்க, நல்லதுங்க" என்றேன். உள்ளே வேறு ஒன்று சொன்னது. மகளின் வகுப்பு இன்னும் முடியவில்லையே என்றது. அப்படி நினைத்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

அந்த நேரத்தில்தான் புது மலையில் கவ்வாத்து தொடங்கியது. மலை என்று நாங்கள் சொல்வது ஒரு தேயிலைத் துண்டை. புது மலை என்றால் முதலில் சாமி கும்பிட வேண்டும். மலை ஓரத்தில் கல் நட்டு, எல்லாருடைய கத்தியையும் அதற்கு முன்னால் அடுக்குவோம். கங்காணி கத்தி எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும். அந்தக் கத்தியால்தான் முதல் செடியை வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு அந்த மலை முடியும்வரை அது கல்லடியிலேயே இருக்கும். கங்காணி வராவிட்டாலும் அவருடைய கத்தி வரும். வீட்டுக்கு ஆள் போய் வாங்கி வரவேண்டும். கங்காணி வேலையை விட்டுப் போனாலோ, செத்துப்போனாலோதான் அந்த இடத்துக்கு இன்னொருவர் கத்தி வரும். இது எங்கள் ஆட்களில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அன்று காலை அண்ணன் வீட்டுப் பக்கம் போனேன். வீட்டு முன் இஸ்தோப்பில் அண்ணி நின்றார். கையில் கத்தி. தீட்டி, பொட்டு வைத்து, மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. என் இடுப்பில் என் கத்தி இருந்தது. அதையும் நான் நன்றாகத் தீட்டியிருந்தேன். அவர் வாசல் வழியாகப் போகும் மேல் பாதையை விட்டு, நான் கீழ்ப் பாதையில் இறங்கிப் போய்விட்டேன்.

கல்லடியில் கத்திகளை அடுக்கியபோது சின்னச்சாமி மாமா கேட்டார்.

"பெருமாளு கத்தி எங்கப்பா?"

"நேரமாயிருச்சு மாமா. கண்டாக்கையா வந்திடுவாரு."

"ஓட்டமா ஓடி எடுத்திட்டு வர ஒரு பய இல்லியா இங்க?"

என் கத்தியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். சூடம் கொளுத்தினேன். முதல் செடியை வெட்டினேன். எப்போதும் அந்த நேரத்தில் எல்லாரும் சாமி பேரைச் சொல்லிச் சத்தம் போடுவார்கள். அன்று யாரும் வாய் திறக்கவில்லை.

பின்னேரம் வேலை விட்டு வரும்போது செய்தி காத்திருந்தது. அண்ணனுக்கு உடம்பில் கிருமி ஏறி, கடும் காய்ச்சலாம். நினைவு இல்லையாம். திரும்பவும் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். லயத்து வாசலில் நின்றவர்கள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். காய்ச்சல் கத்தியால் வரவில்லை, கிருமியால் வந்தது என்று மகள் எனக்கு எடுத்துச் சொன்னாள். படித்த பிள்ளை, அவள் சொன்னது சரியாகவே இருக்கும். ஆனாலும் அவர் இருக்கும்போதே அவர் இடத்தை நான் மூடினேன். அதற்குக் கிருமி காரணம் இல்லையே. சோற்றில் கை வைக்க முடியவில்லை.

விடிந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கண்டிக்குப் போக பையில் துணி வைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

"கத்திய வாங்கிட்டுப் போக வந்தேன் அண்ணி."

"இப்ப எதுக்கு? நேத்துத்தானே சாமி கும்புட்டீங்க."

நான் தலை குனிந்தேன்.

"நீங்க கீழ்ப் பாதையில எறங்குனதப் பாத்தேன் தம்பி. கூப்புடலாம்னு வாயெடுத்தேன். ஒங்களுக்கே தோணும்னு விட்டுட்டேன்."

"அக்டிங் காச இனிமே நான் தொடமாட்டேன் அண்ணி. மாசா மாசம் கொண்டாந்து ஒங்ககிட்டயே குடுத்திடுறேன்."

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "வேல பாத்தது நீங்க. அது ஒங்க காசு. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. புள்ளயப் படிக்க வைங்க. ஆனா அந்தக் கல்லுக்கு முன்னால அவர இல்லாத ஆளாக்கிட்டீங்களே. அதுதான் தாங்கல."

கத்தியை என் கையில் வைத்தார். "நீங்களே கும்புடுங்க. எனக்கு இப்ப வாய் வரல."

தனியாகக் கல்லடிக்குப் போனேன். என் கத்தியை எடுத்துவிட்டு அண்ணன் கத்தியை அந்த இடத்தில் வைத்தேன். "சாமி, ஒரு வழி கேட்டேன். நீ காட்டினாய். இப்போது அதை அடைத்துவிடு. இந்தத் தடியை என்னிடமிருந்து வாங்கிக்கொள். அண்ணனைக் கொண்டு வா" என்று வேண்டினேன். தினமும் பெரட்டுக்கு முன்னால் போய் இதையே கேட்டேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் நாட்களில் வாய்தான் அப்படிக் கேட்டது. மனசின் ஒரு மூலை "இந்த மாதம் முடியட்டுமே" என்று முனகிக்கொண்டிருந்தது. அதை விரட்ட என்னால் முடியவில்லை. அதையும் சாமியிடமே சொன்னேன். "அரை மனசோடு கேட்கிறேன், மீதியையும் நீயே கொடு" என்றேன். அண்ணனுக்கு நினைவு வந்தும் வராமலும் நாட்கள் போயின.

ஒரு நாள் அண்ணி கண்டியிலிருந்து ஃபோன் எடுத்தார். "ஒங்க அண்ணன் பேசணுங்கிறாரு" என்றார். குரல் நூல் மாதிரி வந்தது.

"கணேசா... வெட்டுன செடிக்கு மேல மெலாறு போட்டு மூடுனீங்களாடா? வெயில் அடிக்குதாமே. காஞ்சிறும்."

மெலாறு என்பது வெட்டி விழுந்த சிறு கிளைகள். அதைப் பரப்பி மூடாவிட்டால் வெயிலில் செடி கருகிவிடும். சாகக் கிடக்கிற மனிதர் செடியைப் பற்றிக் கேட்கிறார். "மூடிட்டோம்ணே" என்றேன். மலை நடுவில் எல்லாரும் பார்க்க நின்று அழுதேன். எனக்கு யார் பார்க்கிறார்கள் என்ற கூச்சமே வரவில்லை. அன்றுதான் என் வேண்டுதல் முழு மனசாக வந்தது. அண்ணன் வர வேண்டும், இன்றைக்கே வந்தாலும் சரி என்று கேட்டேன். அந்த மூலைக்குரல் அதோடு அடங்கியது.

சாமி செவி கொடுத்தது. காய்ச்சல் இறங்கியது. சிறுநீரகம் மெல்ல வேலை செய்யத் தொடங்கியது, மிஷினை நிறுத்திவிட்டார்கள். ஆடியில் அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஆளே பாதியாக இருந்தார். ஆவணியில் பெரட்டுக்கு வந்து என் கையிலிருந்து தடியை வாங்கினார். வாங்கும்போது சொன்னார்:

"நல்லாத்தான் பாத்திருக்கியாம். இன்னும் கொஞ்ச நாளு படுத்துக் கெடந்திருக்கலாம் போல."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் வேடிக்கைக்குத்தான் சொன்னார். அது என் நெஞ்சில் போய்க் குத்தியது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அண்ணியும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டேன். ஆட்களும் சொல்லவில்லை.

அந்த மாதச் சம்பளத்தில் அக்டிங் காசு குறைந்திருந்தது. பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன். மகளின் வகுப்பு நிற்கவில்லை. சரோஜாவும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசுக்கு, அன்றன்றே கூலி கிடைக்கிற வேலைக்குப் போகிறோம். உடம்பு வலிக்கிறது. ஆனால் அந்தக் காசு யாருடைய உடம்பு வழியாகவும் வரவில்லை.

படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். மேல் வேலை கிடைத்தால் பாருங்கள். அதற்கான காசையும் வாங்குங்கள், அது உழைத்த காசு. ஆனால் எவருடைய இடத்தில் நிற்கிறீர்களோ அவருக்காகத் தினமும் கும்பிடுங்கள். மனசு வராவிட்டால், மனசு வரவில்லை என்றே சாமியிடம் சொல்லுங்கள். அரை மனசையும் தள்ளாமல் வாங்கிக்கொள்கிற சாமி நம்முடைய சாமி. நம்பிக் கேளுங்கள். இவ்வளவு கெட்ட எண்ணம் வைத்திருந்த எனக்கே இரங்கியது.

வருகிற திங்கட்கிழமை அடுத்த மலையில் கவ்வாத்து தொடங்குகிறது. அண்ணன் தன் கத்தியை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பார். அவருடைய கத்திக்குக் கீழே என் கத்தி இருக்கும். அதற்கு முன்னால் அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அதனால் இந்தத் தாளைக் கமிட்டித் தம்பியிடம் கொடுப்பதற்கு முன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்துத் தெரியாது, கண்ணாடியும் அவரிடம் இல்லை. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். என் தொண்டை அடைக்காமல் இருக்க எனக்காக ஒரு நிமிஷம் கும்பிட்டுக்கொள்ளுங்கள். அவர் என்ன சொல்வாரோ தெரியாது. மேல் பாதையிலேயே போகிறேன்.

இதை எழுதி முடித்தது, சித்திரைப் பௌர்ணமிக்கு மறுநாள்.