பெட்டியின் மேல் கவிழ்த்த சட்டி

உலக நாடுகளின் கடல் பாதுகாப்பு விதி இங்கேயும் சட்டமாகிவிட்டதென்று, தூத்துக்குடியில் என் விசைப்படகின் கூரையில் ஒரு பெட்டியைப் பொருத்தினார்கள். ஆபத்தில், சுக்கான் பக்கத்தில் வைத்த அதன் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குத் தகவல் போகுமாம். எனக்கோ சந்தேகம். நான் மீன்பிடிக்கும் ரகசிய இடம் ஊருக்கே தெரிந்துவிடாதா? கடலுக்குப் போனதும் அலுமினியச் சோற்றுச் சட்டியை அதன்மேல் கவிழ்த்துக் கட்டிவிட்டேன்.

அன்று என்ஜின் நின்றுபோனது. நீரோட்டம் எங்களை இலங்கை எல்லைப் பக்கம் இழுத்தது. பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தேன், பதிலே இல்லை.

"பாத்தியாலே, எல்லாம் ஏமாத்து!" என்று கத்தினேன்.

சமையல் பார்க்கும் அந்தோணி, "கஞ்சி காய்ச்சணும் அண்ணாச்சி, சட்டிய எங்க வச்சிய?" என்றான்.

அப்போதுதான் உறைத்தது. அவிழ்த்து எடுத்து மறுபடி அழுத்தினேன். ரோந்துப் படகு வந்து எங்களை மீட்டது.

பெட்டி வழியாக என் இடத்தை யார் யார் பார்க்கிறார்களோ என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் சட்டி அடுப்பில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் படகை எடுக்கிறேன்.