அருவியடியில் கழற்றி வைத்த பூட்ஸ்

உடன்குடிப் பக்கம் பனையேறிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பாக்கியசீலன் ஏறினால் மற்ற பனையேறிகளே அண்ணாந்து பார்ப்பார்கள். நெஞ்சில் ஒரு தோல், காலில் தளைநார் வளையம், அவ்வளவுதான்; விறுவிறுவென்று உச்சிக்குப் போய்விடுவான். அந்த இரண்டு கால்களை நம்பித்தான் மனைவி சாரம்மாளும் இரண்டு பெண் பிள்ளைகளும் கஞ்சி குடித்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷம், ஆவணியில், ஒரு இஞ்சினியர் துரை அவன் ஏறுவதைப் பார்த்துவிட்டார். துரைக்கு ஒரு கிறுக்கு உண்டு. குளிர்காலத்தில் காஷ்மீருக்குப் போய், உறைந்து நிற்கிற அருவிகளில் ஏறுவார். இந்தத் தடவை நீயும் வா என்றார். பனையில் வேலை இல்லாத மாதங்கள்தானே, பாக்கியசீலனும் தலையாட்டிவிட்டான்.

"உச்சியில பதனி உண்டா?" என்று சாரம்மாள் துரையின் சமையல்காரர் வேதநாயகத்திடம் கேட்டாள்.

"ஒண்ணும் கிடையாதும்மா. ஏறுவாவ, எறங்குவாவ. வெளையாட்டு."

"இதுக்கா இம்புட்டுத் தூரம் போறாவ?" வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு முகம் மாறி, "மாசியில பனை பாளை விட்டுரும், ஏற ஆளு வேணும். அதுக்குள்ள கொண்டாந்து சேத்துருங்க அண்ணாச்சி" என்றாள்.

மார்கழியில், காஷ்மீரில், உறைந்த அருவி ஒன்றின் முன்னால் நின்று பாக்கியசீலன் அண்ணாந்து பார்த்தான். பாபநாசத்துப் பாணதீர்த்தம் விழுகிற விழுகையிலேயே அப்படியே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. மூன்று நாள் துரை பாடம் நடத்தினார். இடுப்பில் கயிறு கட்டு, கோடாலியால் படி வெட்டு, ஆணி அடித்த பூட்ஸை அழுத்தி ஊன்று, நெஞ்சை ஒட்டாமல் தள்ளி நில். வேதநாயகம் தமிழில் சொன்னார். எல்லாமே அவன் பழக்கத்துக்கு நேர்மாறு. பன்னிரண்டு வயதிலிருந்து மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறியவன் தள்ளி நிற்பானா? வழுக்கி வழுக்கிக் கயிற்றில் தொங்கினான். சுமை தூக்க வந்த கூலியாட்கள் சிரித்தார்கள். அவனுக்கு மானம் போயிற்று.

"பூட்ஸ் போட்டா காலுக்கு ஒண்ணுமே தெரியல அண்ணாச்சி" என்றான் இரவில்.

"குளிரு அப்படிலே. கழட்டிராத" என்றார் வேதநாயகம்.

நாலாம் நாள் துரை படி வெட்டிக்கொண்டே முன்னால் ஏறினார். வேதநாயகம் கூடாரத்தில் இருந்தார். பாக்கியசீலன் தன் முறை வந்ததும், பனையடியில் செருப்பைக் கழற்றுவது போல, பூட்ஸைக் கழற்றி ஜோடியாக வைத்தான். ஏறினான். படியின் விளிம்பைக் கால்விரல்கள் கண்டுபிடித்துக் கவ்வின. ஒரு தடவைகூட வழுக்கவில்லை. முதலில் நெருப்பில் வைத்த மாதிரி எரிந்தது. பாதி வழியில் எரிச்சல் நின்றுபோயிற்று. கால் பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டான், பாவி மனுஷன்! ஒன்றரை மணி நேரம் கழித்து உச்சியில் துரை கை தட்டினார். அவன் காலைப் பார்த்ததும் தட்டிய கை அப்படியே நின்றது. கால்விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன.

பிறகு விரல்கள் கறுத்தன. ஸ்ரீநகர் ஆஸ்பத்திரியில் பத்தில் ஒன்பதை எடுத்துவிட்டார்கள். துரை கட்டிலருகே வந்து தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். வேதநாயகம் வெளியே நின்று அழுதார்.

சொன்னபடி மாசிக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். மறுநாள் காலை பாக்கியசீலன் தளைநாரை மாட்டிக்கொண்டு தன் மரத்தைக் கட்டிப்பிடித்தான். ஓர் ஆள் உயரம்கூட ஏறவில்லை, நெஞ்சு உரசச் சறுக்கி விழுந்தான். மறுபடி ஏறினான், மறுபடி விழுந்தான். மூன்றாவது தடவை சாரம்மாள் ஓடிவந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டு, "போதும், விடுங்க" என்று கதறினாள்.

அவன் மரங்களில் இப்போது பக்கத்து வீட்டு இளவட்டம் சுடலைக்கண்ணு ஏறுகிறான். பாக்கியசீலன் கீழே, சாரம்மாள் கருப்பட்டி காய்ச்சுகிற அடுப்புக்கு ஓலை தள்ளுகிறான். பூட்ஸ் கூரையில் தொங்குகிறது, தேயாமல்.

பதனி இறக்கிவிட்டு ஒருநாள் சுடலைக்கண்ணு கேட்டான்: "அந்தக் குளிருல வெறுங்காலோட ஏறினீரே, வலிக்கலயா வே?"

பாக்கியசீலன் இன்னொரு ஓலையை அடுப்புக்குள் தள்ளினான்.

"இல்லலே. வலிச்சிருந்தா எறங்கியிருப்பேனே."