டில்லரில் பூச்செடி

சுற்றுலா விடுதி வாசலில் எங்கள் பழைய பவர் டில்லரைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைப்பிடியில் அம்மா சுற்றிய சைக்கிள் டியூபுக்கும் சேர்த்தே மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நிலத்தோடு இதையும் விற்கும்வரை இங்கேதான் எங்கள் டில்லர் கொட்டகை இருந்தது. வயல் சேற்றுக்கு இரும்புச் சக்கரம், மரவள்ளிக் காட்டுக்கு ரப்பர் சக்கரம் என்று பருவத்துக்குப் பருவம் அம்மாவே கழற்றி மாட்டுவாள். உழுதுவிட்டு வந்த சாயங்காலங்களில் கத்திகளில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி, ஈரம் போகத் துடைத்து, பழைய இன்ஜின் ஆயிலைத் தடவிய பிறகுதான் அம்மா சோற்றில் கை வைப்பாள். "ஈரத்தோட உட்டா துருப்புடிச்சுரும் கண்ணு" என்பாள்.

இப்போது அந்தக் கத்திகள் மூழ்க மண்ணைக் கொட்டிப் பூச்செடி நட்டிருக்கிறார்கள். மண்ணுக்கு மேலே தெரிந்த துருவைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தேன்.

ஓஸ் பைப்போடு ஓடிவந்த காவலாளி அதட்டினார்: "தொடாதீங்க மேடம்! தெனமும் தண்ணி ஊத்திப் பத்தரமாப் பாத்துக்கறோமுங்க."