வெங்காயத்துக்குள் இருந்த வெள்ளை நூல்

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்தச் சில வருடங்களில் தாம்பரம் பக்கத்துப் பெற்றோர்களுக்கு பயோடெக்னாலஜி என்ற சொல்லின் மீது தனி மயக்கம் இருந்தது. கம்ப்யூட்டருக்கு அடுத்து இதுதான் என்று பேசிக்கொண்டார்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி பிளஸ் ஒன்னில் அந்தப் பிரிவைத் தொடங்கியது. எம்.எஸ்ஸி. முடித்த கையோடு நான் சேர்ந்த முதல் வேலை அது. பாடப்புத்தகத்தில் மரபணுவை வெட்டினார்கள், ஒட்டினார்கள். எங்கள் ஆய்வகத்தில் பழைய மைக்ரோஸ்கோப்புகளும் ஃபார்மலினில் ஊறிய ஒரு தவளையும்தான் இருந்தன.

டிஎன்ஏவை நூலேணி மாதிரி கரும்பலகையில் வரைந்து வரைந்து எனக்கே அலுத்துப்போனது. ஒருநாள் முன்பெஞ்சுப் பெண் கேட்டாள்.

"மிஸ், நீங்க இத நேர்ல பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன்."

"எங்களுக்கும் காட்டுங்க மிஸ்."

அவள் அதிகம் பேசாதவள். அவள் கேட்டதே எனக்கு உற்சாகமாகிவிட்டது. வெங்காயம், உப்பு, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், மருந்துக்கடை ஸ்பிரிட் எல்லாம் வாங்கி வந்தேன். வெங்காயத்தை அரைத்து, உப்பும் சோப்பும் கலந்து, கைக்குட்டையில் வடிகட்டி, மேலே ஸ்பிரிட்டை ஊற்றினோம். நூல் நூலாக டிஎன்ஏ மிதக்க வேண்டும். கலங்கல் தண்ணீர்தான் நின்றது.

"மிஸ், தோசை இருந்தா தொட்டுக்கலாம்" என்றான் பின்பெஞ்சுக்காரன். வகுப்போடு சேர்ந்து நானும் சிரித்தேன். ஆசிரியர் அறைக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு தங்கவில்லை, முகம் தொங்கிப்போனது.

ஸ்பிரிட் நன்றாகச் சில்லிட்டிருக்க வேண்டும். அந்த வெயிலில் அது வெந்நீராக இருந்தது. பள்ளியில் ஃப்ரிட்ஜ் கிடையாது. வகுப்பு முடியும்போது இதை அவர்களிடம் சொல்லியிருந்தேன். மதியம் அந்தப் பெண்ணே அறை வாசலில் வந்து நின்றாள். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"எங்கம்மா ஜங்ஷன்ல மீன் விக்கறாங்க மிஸ். ஐஸ் பெட்டி இருக்கு. ஸ்பிரிட் பாட்டில அதுல வெச்சுத் தரேன். ஆனா கிளாஸ்ல சொல்லாதீங்க."

அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா விடியலில் கோவளம் போய் மீன் எடுத்து வருபவர் என்பதெல்லாம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா ஏதோ பிசினஸ் செய்கிறார் என்று தோழிகளிடம் சொல்லி வைத்திருந்தாள்.

பாட்டிலை வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் செய்முறை வகுப்பு தொடங்கும் நேரத்தில் தெர்மாகோல் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் அம்மாவே படியேறி வந்துவிட்டார். பெட்டியோடு மீன் வாசமும் உள்ளே வந்தது. சிலர் மூக்கைச் சுளித்தார்கள். அந்தப் பெண் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"இவ தூக்கமாட்டா டீச்சர், அதான் நானே எத்துகினு வந்தேன். ஐஸ் போதுமா?"

போதும் என்று சொல்லி அவரை ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். மறுபடி அரைத்தோம், வடித்தோம். சில்லென்ற ஸ்பிரிட்டைச் சோதனைக் குழாயின் ஓரமாக மெல்ல வழியவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளையாக, பஞ்சைப் பிரித்தது போல, நூல்கள் மேலே எழுந்தன. "வந்துருச்சு மிஸ்!" என்று பின்பெஞ்சுக்காரன்தான் முதலில் கத்தினான். குழாய் கைக்குக் கை மாறியது. கடைசியில் அந்த அம்மாவிடம் வந்தது. அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர் இது, சளியாட்டம் கீது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வாய் திறப்பதற்குள் அவர் மகள் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"சளி இல்லம்மா. வெங்காயம் வெங்காயமா இருக்கறதுக்கு இதுதான் காரணம். நம்ம உடம்புலயும் இருக்கு. எனக்குப் பாதி உன்கிட்டருந்து வந்துச்சு, பாதி அப்பாகிட்டருந்து."

"அப்போ இந்தக் கோவம் உங்கப்பன்து. வாயி யார்து?"

"அது உன்னுதுதாம்மா."

அதற்கு எழுந்த சிரிப்பு பக்கத்து வகுப்பு ஆசிரியரை எட்டிப் பார்க்க வைத்தது. அந்த அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கிளம்பும்போது மகள் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். மறுபக்கத்தைத் தோழி ஒருத்தி பிடித்தாள். இருவரும் அதைக் கேட் வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

சில வருடங்களில் அந்த மயக்கம் தெளிந்து, சேர ஆளில்லாமல் பிரிவையே மூடிவிட்டார்கள். நான் பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போய்விட்டேன். அங்கே கருவிகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் அந்தத் தவளை பாட்டில் அறையைத்தான் மனம் அடிக்கடி தேடுகிறது.

அவள் மைக்ரோபயாலஜி படித்து, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தாள். முதல் நாள் சாயங்காலமே வீட்டிலிருந்து எனக்குப் போன் செய்தாள். பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது: "டீச்சராண்ட நல்லா பேசு, அப்புறம் என்னாண்ட குடு."