தண்ணீர் பாயாத பாத்தி

உத்திரமேரூருக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டி, ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான மூலிகைத் தோட்டம் இருந்தது. அதை உண்டாக்கிய வெள்ளைக்கார டாக்டரம்மா தன் நாட்டுக்குக் கப்பலேறியபோது பொறுப்பை மார்த்தாளிடம் விட்டுப் போனார். மார்த்தாளின் அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர். பக்கத்துத் திருப்புலிவனத்து மிராசுதார் வீட்டு வாசற்படியை மிதிக்க அவரை விட்டதில்லை. அதே வீட்டுக்காரர்கள் இப்போது செடி கேட்டு வந்தால், மார்த்தாள் கை கழுவிக்கொண்டு வரும்வரை வேப்பமரத்தடியில் காத்து நின்றார்கள். எதை எங்கே நடுவது, எதை யாருக்குக் கொடுப்பது, எல்லாம் அவள் சொன்னபடிதான்.

1958இல் பாண்டுரங்கன் என்ற விவசாயப் பட்டதாரி தோட்டத்துக்கு சூப்பரின்டெண்டென்டாக வந்தார். கெட்ட மனிதர் இல்லை, மரியாதையாகத்தான் பேசுவார். ஆனால் வேலையாட்கள் காலையில் அவரிடம் போய் நிற்க ஆரம்பித்தார்கள். மார்த்தாள் கொடுத்த நாற்றைக் கையில் வாங்கிய ஒரு மிராசுதார், "எதுக்கும் சாரை ஒரு வார்த்தை கேட்டுடறேன்" என்றார். அன்று அவள் மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

அந்தச் சமயம் ரத்தக்கொதிப்பு மருந்துக்காகச் சர்ப்பகந்திக்கு நல்ல கிராக்கி. கீற்றுப் பந்தலில் வளர்ந்த அதன் நாற்றுகளைத் திறந்த பாத்திக்கு மாற்றச் சொன்னார் பாண்டுரங்கன்.

"வெயில்ல கருகிடும் சார்," என்றாள் மார்த்தாள்.

"தினம் தண்ணி விட்டா கருகாது. செங்கேணி பார்த்துக்கட்டும்."

செங்கேணி தோட்டத்துக் கூலியாள். புருஷனை இழந்து பிள்ளைகளோடு தனியாக இருப்பவள். சொன்னபடி தண்ணீர் விட்டாள். நாற்றுகள் வேர் பிடித்துத் துளிர்த்தன. பார்க்கப் பார்க்க மார்த்தாளுக்கு நெஞ்சு எரிந்தது. பாண்டுரங்கன் வேலையாக மதராஸ் போனதும், "நீ போயி களை எடு, அந்தப் பாத்திய நான் பாத்துக்கறேன்" என்று செங்கேணியை அனுப்பிவிட்டாள். அதன்பிறகு அந்தப் பாத்திக்கு ஒரு குடம்கூட ஊற்றவில்லை.

அவர் திரும்பி வந்தபோது பாத்தி முழுக்கச் சருகு.

"இதுக்குத்தான் உன்கிட்ட ஒப்படைச்சேனா, செங்கேணி? நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

செங்கேணி மார்த்தாளை ஒருமுறை பார்த்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

"அவ இன்னா பண்ணா சார்? நான்தான் தண்ணி வுடல," என்றாள் மார்த்தாள். "தெரிஞ்சேதான் வுடல. அது பொழச்சிக்கினு வர்றத என்னால பாக்க முடில."

வேலையாட்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பாண்டுரங்கன் செங்கேணியைத் திரும்பக் கூப்பிட்டார். மார்த்தாளையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் இத்தனை வருஷமாக அவளிடம் இருந்த சாமான் அறைச் சாவியைக் கேட்டார். அவள் இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் செங்கேணி மார்த்தாள் கூடவே நடந்து வந்தாள். "எதுக்குக்கா சொன்ன? நான் எங்கனா நடவுக்குப் போயிருப்பனே."

மார்த்தாள் நடையை எட்டிப் போட்டாள்.

அடுத்த வருஷம் நாற்றுகளை மறுபடி திறந்த பாத்தியில் நட்டார்கள். நன்றாகவே வந்தன. அவற்றுக்கு இடையே குத்துக்காலிட்டுக் களை எடுத்தவர்களில் மார்த்தாளும் ஒருத்தி. ஐப்பசி மழையில் வேர் அழுகிச் சில செடிகள் சாயத் தொடங்கியபோது பாண்டுரங்கன் அவளருகே வந்து நின்றார்.

"இதுக்கு என்ன செய்யலாம், மார்த்தாளம்மா?"

அவள் நிமிரவில்லை. "தெரிஞ்சே செடியக் காய வுட்டவகிட்ட கேக்காதீங்க சார். நீங்க சொல்லுங்க, செய்யறேன்."

மழைத் தூறலில் அவர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். வேலையை விடும்வரை, அந்தத் தோட்டத்தில் எந்தச் செடியைப் பற்றியும் மார்த்தாள் தன் அபிப்பிராயம் என்று ஒன்றும் சொல்லவில்லை.